கம்பத்தில் ஒட்டி வைத்த மருந்து

பதுளை ஆஸ்பத்திரியின் வலி கிளினிக்கில், வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் என் ஜாக்கெட் கழுத்தோரம் பார்த்துவிட்டு, "அது என்னங்க ஒட்டியிருக்கு?" என்று கேட்பார்கள். வலிக்கு மருந்து என்பேன். "எந்தக் கடையில வாங்கினீங்க? எனக்கும் முட்டி வலி தாங்கல" என்பார்கள். கடையில் கேட்டால் கொடுக்கிற சாமான் இல்லை இது என்று நான் ஆரம்பிப்பதற்குள் நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பாதியில் நின்றுபோன அந்தப் பதிலை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இப்போது கொஞ்ச நாளாக உடம்பு ஒரு நிதானத்தில் இருக்கிறது. எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

நான் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா ஆயம்மாவாக இருந்தவள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. காலையில் வரும்போது உயிர் போகிற மாதிரி கத்தும் பிள்ளைகள், சாயங்காலம் தாய் வந்து கூப்பிட்டாலும் போக மாட்டேன் என்று என் சேலையைப் பிடித்துக்கொள்ளும். தாய்மாருக்கு அதில் கொஞ்சம் பொறாமை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. சொந்தப் பிள்ளை இல்லாதவளுக்கு அந்தப் பெருமை கூட இல்லாவிட்டால் எப்படி?

ஒரு மழை நாளில், ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக் காம்பராவின் படியில் இறங்கும்போது பாசி வழுக்கிவிட்டது. கீழே போகிறோம் என்று தெரிந்ததும் குழந்தையை இரண்டு கையாலும் மேலே தூக்கிக்கொண்டேன். அதனால் முதுகு மட்டும் படியில் அடித்தது. குழந்தைக்கு ஒரு கீறல் கூட இல்லை. அது என் நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தது. எனக்குக் கால் இரண்டும் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் பெனடோல் தந்து பதுளைக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஸ்கேன். ஒரு குழாய்க்குள் தள்ளி, அசையக் கூடாது என்றார்கள். அசைய முடிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நசுங்கி, உடைந்த துண்டு நரம்பை அமுக்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஓபரேஷன் செய்து ஆணி வைத்தார்கள். கால் வந்தது, நடந்தேன். வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு, வாட்டு வாசலிலேயே கிடந்தார். என் தோடு ஹாலிஎலவில் ஒரு அடகுக் கடைக்குப் போனது. அது போனதில் எனக்குக் கவலை இல்லை. எழுந்து நடந்ததே போதும் என்று இருந்தேன்.

ஆனால் வலி போகவில்லை. காயம் ஆறிய பிறகு வருகிற வலிதான் பெரிய வலி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து ஒரு காலுக்கு நெருப்பு ஓடும். சாப்பிட உட்கார்ந்தால் ஓடும், படுத்தால் ஓடும், தும்மினால் உயிரே போய்விடும். வெளியில் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே நடக்கிற, இன்னும் என்ன வலி?" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கேட்டார்கள். கட்டுப் போட்டிருந்த காலத்தில் பால் மா டின்னோடு பார்க்க வந்தவர்கள்தான் அப்படிக் கேட்டார்கள்.

வலி கிளினிக் டொக்டர் ஒரு சிங்களப் பெண். வெலிமடைப் பக்கம் வேலை செய்தபோது கற்றுக்கொண்ட தமிழ் என்று சொல்லிக்கொண்டே பேசுவார். அவர்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "அம்மா, எலும்பு சரி. நரம்பு சரி இல்லை. அடிபட்டது முடிஞ்சது. நரம்புக்கு அது தெரியாது. இன்னும் வலிக்குது, வலிக்குதுன்னு மூளைக்குச் சொல்லிட்டே இருக்கு." நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு ஆள் ஒத்துக்கொண்டதே பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் முன்னால் அழுதுவிட்டேன்.

முதலில் மோர்பின் மாத்திரை. அது வயிற்றில் தங்கவில்லை. விழுங்கினால் வாந்தி, வாந்தி எடுத்தால் முதுகு வெட்டும். வேறு மாத்திரைகளும் அப்படியே. கடைசியாகத்தான் இந்தப் பேட்ச் வந்தது. தீப்பெட்டி அளவுக்கு, கண்ணாடி மாதிரி ஒரு ஒட்டு. நம்முடைய முதுகு பிளாஸ்டர் மாதிரி வலிக்கிற இடத்தில் ஒட்டுவதில்லை. நெஞ்சின் மேல்பக்கத்திலோ தோளிலோ ஒட்டினால், மருந்து தோல் வழியாக மெதுவாக இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். மூன்று நாளைக்கு ஒன்று. மோர்பினை விடப் பல மடங்கு வீரியம். அதனால்தான் கடையில் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். பதுளையில் கையெழுத்து வைத்து, பழையதைக் காட்டி வாங்க வேண்டும்.

டொக்டர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "சூடு வேண்டாம். சுடுதண்ணி பேக் வேண்டாம், அடுப்புப் பக்கம் இருக்க வேண்டாம். சூடு பட்டா மருந்து வேகமா உள்ளுக்குப் போகும், தூக்கம் வரும், மூச்சு குறையும். பழசை ரெண்டா மடிச்சு ஒட்டி வைங்க. அதிலயும் மருந்து இருக்கு. பிள்ளைங்க கையில படவே கூடாது." வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் மறக்க மாட்டார்.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு பெரிய வலிக்கு இந்த ஒட்டா என்று மனதுக்குள் ஏசினேன். அடுத்த நாள் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, என்னவோ குறைகிறதே என்று யோசித்தேன். வலிதான் குறைந்திருந்தது. முழுதாகப் போகவில்லை, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தூரத்தில் இருந்தது. வாய் உலரும், மலம் இறுகும், மத்தியானத்தில் கண் சொக்கும். அதெல்லாம் பரவாயில்லை. கொஞ்ச மாதத்தில் திரும்பப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். பேட்ச் ஜாக்கெட்டுக்குள் இருந்தது, மேலே சுவெட்டர். குனிந்து ஒரு குழந்தையைத் தூக்கினேன். முதுகு என்னைத் தடுக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, வாழ்க்கை திரும்பக் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

எங்கள் லயத்தில் குளிக்கிற இடம் வீட்டுக்குப் பின்னால். மூன்று பக்கம் தகரம், முன்னால் ஒரு சாக்குப் படுதா, மூலையில் ஒரு மரக் கம்பம். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்க என்னால் முடியாது, முதுகில் இருக்கிற ஆணி உறைந்துபோன மாதிரி இருக்கும். அதனால் வீட்டுக்காரர் சுடுதண்ணீர் காய்ச்சி வைப்பார். ஒரு நாள் அவருக்கு யோசனை வந்தது.

"தனம், சூடு படக்கூடாதுன்னு டொக்டர் சொன்னாங்கல்ல. சுடுதண்ணி ஊத்தினா மருந்து வேகமா போகுமே?"

"அதுக்கு என்ன செய்யிறது, குளிக்காம இருக்கவா?"

"கழட்டி வச்சிட்டு குளி. அஞ்சு நிமிஷந்தானே. குளிச்சிட்டு வா, நான் திரும்ப ஒட்டி விடுறேன்."

சரியாகத்தான் பட்டது. தோளின் பின்பக்கம் எனக்குக் கை எட்டாது. அவரே நகத்தால் மெதுவாகக் கழற்றி, கம்பத்தில் ஒட்டி வைத்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் குளிக்கப் போகும்போது நெற்றிப் பொட்டைக் கழற்றிக் கண்ணாடியிலோ கதவிலோ ஒட்டி வைத்துவிட்டு, குளித்ததும் அதையே எடுத்து ஒட்டிக்கொள்வோம். கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தக் கம்பத்தில்தான் பொட்டு ஒட்டி வைத்து வந்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் பலகையில் உட்கார்ந்து குளிப்பதால், எனக்குக் கை எட்ட வேண்டும் என்று தாழ்வாக ஒட்டினார். இதில் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. என்மேல் இருந்த அக்கறையில் செய்தார்.

எங்கள் அடுத்த காம்பராவில் மாலா குடும்பம். மாலாவின் மகள் நிலுஷாவுக்கு அப்போது இரண்டு வயது. பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவில் என் மடியில் கிடப்பாள், வீட்டுக்கு வந்த பிறகும் என் வாசலில்தான். பொட்டுப் பைத்தியம். என் கண்ணாடியில் இருக்கிற பொட்டை எல்லாம் உரித்து நெற்றியில், கன்னத்தில், தொப்புளில் ஒட்டிக்கொண்டு வந்து நிற்பாள். "பொட்டுக்காரி வந்துட்டா, கடைய மூடு" என்று நாங்கள் எல்லாரும் சிரிப்போம். என் தோளில் ஒட்டியிருப்பதையும் அவள் பார்த்திருக்கிறாள். "ஆயம்மாவுக்கு பெரிய பொட்டு" என்று ஒரு நாள் சொன்னாள். அதற்கும் சிரித்தோம்.

அன்றைக்கு வேலை விட்டு வந்து குளித்தேன். துடைத்துவிட்டு, தலையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய் வேறு உடுப்பு மாற்றினேன். திரும்பி வந்து கம்பத்தைப் பார்த்தால் பேட்ச் இல்லை. ஈரத்தில் விழுந்து, குளித்த தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போயிருக்கும் என்று நினைத்தோம். வீட்டுக்காரர் முழங்காலில் நின்று கான் சேற்றை எல்லாம் கையால் அள்ளித் தேடினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த கிளினிக் வரைக்கும் எண்ணித் தந்த மருந்து. ஒன்று போனால் மூன்று நாள் வலியோடு கிடக்க வேண்டும். என் கவலை எல்லாம் அதுவாகத்தான் இருந்தது.

விளக்கு வைத்த பிறகு மாலா வந்தாள். "அக்கா, இவ சாயங்காலமே தூங்கிட்டா. சோறு ஊட்ட எழுப்பினா எழும்பவே மாட்டேங்கிறா. காய்ச்சலும் இல்ல. பகல்ல தூங்கலயா அங்க?"

பகலில் நன்றாகத் தூங்கியிருந்தாள். போய்ப் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளைத் தூங்க வைத்தவள் நான். தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொட்டால் உதடு அசையும், மூக்கைச் சுருக்கும். இவள் அசையவில்லை. உதடு ஒரு மாதிரி நீலம். மூச்சு வந்தது, பிறகு வரவில்லை, மறந்துபோய் ஞாபகம் வந்த மாதிரி திரும்ப வந்தது.

"சுவெட்டரக் கழட்டு மாலா! கழட்டு!"

இடது தோளில், சுவெட்டருக்குள், சுருக்கம் இல்லாமல் அழகாக ஒட்டியிருந்தாள். என்னை மாதிரியே.

உரித்தேன். இரண்டாக மடித்தேன். ஈரத்துணியால் தோளைத் துடைத்தேன், மருந்து தோலில் இன்னும் இருக்கும் என்று தெரியும். வீட்டுக்காரர் ஓடிப் போய் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாலா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள், நான் உள்ளங்காலைத் தட்டிக்கொண்டே வந்தேன். "நிலு, மூச்சு விடுடி. ஆயம்மா சொல்றேன், மூச்சு விடு." சொல்லும்போது விடுவாள், நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள். தோட்டத்து ரோட்டில் ஆட்டோ குதித்த ஒவ்வொரு குதிக்கும் என் முதுகு பிளந்தது. அதை நான் பிறகுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்ததெல்லாம் ஒரு காலைத் தட்டுவதுதான். கடவுளே, இதற்கா என்னைத் திரும்ப எழுப்பி நடக்க வைத்தாய் என்று கேட்டுக்கொண்டே போனேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் தம்பியிடம் மடித்த பேட்சையும் அதன் உறையையும் காட்டினேன். அவர் அதைப் பார்த்ததும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒக்சிஜன் வைத்து ஊசி போட்டார்கள். மருந்து மூளையில் போய் உட்காரும் இடத்திலிருந்து அதை எழுப்பித் துரத்துகிற ஊசி. கொஞ்ச நேரத்தில் நிலுஷா கண்ணைத் திறந்து, ஊசி போட்ட நர்சைப் பார்த்து வீறிட்டு அழுதாள். மாலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு முடியவில்லை. ஊசியின் வேகம் சீக்கிரம் போய்விடும், உடம்பில் ஏறிய மருந்து அவ்வளவு சீக்கிரம் போகாது, திரும்பவும் மூச்சு நிற்கலாம் என்று அம்புலன்ஸில் பதுளைக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் வாட்டில் மெஷினில் போட்டு வைத்திருந்தார்கள். நான் வெளியே வாங்கில் இருந்தேன். மறுநாள் எனக்கே உடம்பு ஆட ஆரம்பித்தது. மூக்கு ஒழுகியது, கொட்டாவி நிற்கவில்லை, குளிரில் வியர்த்தது. பேட்ச் பழகின உடம்பில் அது திடீரென்று நின்றால் இப்படித்தான் ஆகும். வலியும் வட்டியோடு திரும்பி வந்தது. கண்ணாடி வழியாக நிலுஷாவைப் பார்த்தேன். ஒருவரின் வலியை அடக்குகிற மருந்து இன்னொருவரின் மூச்சை அடக்கும் என்று டொக்டர் முதலிலேயே சொன்னார்தான். கேட்டது காதோடு நின்றிருந்தது.

பிள்ளை பிழைத்துவிட்டாள். வாட்டிலிருந்து விடுகிற அன்று மாலா என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கண்டுபிடிச்சதும் நீங்கதான் அக்கா. ஒங்களுக்கு நன்றி சொல்லவா, ஏசவான்னு தெரியல."

"ஏசிடு மாலா. அது லேசு."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் இன்றைக்கு எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் அந்தக் கம்பத்தைப் பிடுங்கிக் கோடரியால் பிளந்து அடுப்பில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் பேட்சை அவர் தொடுவதில்லை. நான் நெஞ்சின் மேல்பக்கம் நானே ஒட்டிக்கொள்கிறேன். கழற்றவே வேண்டியதில்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் அதோடேயே குளிக்கலாம், கொதிக்கிற தண்ணீர்தான் கூடாது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அவர் முன்பே அப்படித்தான் சொல்லியிருப்பார். நாங்கள் சூடு என்கிற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பான தோட்டத்து வெல்பெயார் ஐயா வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். "யாரும் ஒங்கள குத்தம் சொல்லல அக்கா. ஆனா தாய்மார் எல்லாம் பயப்படுறாங்க. அந்த ஸ்டிக்கர் ஒடம்புல இருக்குற வரைக்கும் பிள்ளைக் காம்பரா வேணாம். ஒட்டாம வாங்க, நாளைக்கே வேலை தாறேன்." நல்ல மனுஷன். தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனார்.

மேலே பிளாஸ்டர் போட்டு மூடினால் பயமில்லை என்று டொக்டரிடம் கேட்டு வந்து ஐயாவிடம் சொன்னேன். பயத்துக்கு அதெல்லாம் கேட்காது. அப்படியானால் பேட்சை விட்டுவிடுகிறேன் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார், நான் பிடிவாதமாக நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலையில் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். தொட்டிலில் ஒரு குழந்தை பசியில் அழுதது. குனிந்தேன், பாதியில் அப்படியே நின்றுவிட்டேன். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. குழந்தை என் முகத்துக்கு நேராக அழுதுகொண்டிருந்தது, நானும் அழுதுகொண்டிருந்தேன். வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஓடி வந்து முதலில் குழந்தையைத் தூக்கினாள், பிறகு என்னை நிமிர்த்தினாள்.

பேட்ச் இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்க முடியாது. பேட்ச் இருந்தால் தூக்க விட மாட்டார்கள். இதில் யாரை ஏசுவது என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒருவரும் கிடைக்கவில்லை. திரும்பவும் பேட்ச் கேட்டுப் பதுளைக்குப் போய் வாங்கில் உட்கார்ந்தேன்.

போன கிழமை, புதிய பேட்ச் ஒட்டிய மறுநாள், வாசலில் கதிரை போட்டு இருந்தேன். நல்ல வெயில். உடம்பில் எங்கேயும் வலி இல்லை. விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு நாள் எனக்கு வாய்க்கவே இல்லை. அசைத்துப் பார்த்தேன், குனிந்து செருப்பை எடுத்துப் பார்த்தேன். இல்லை, எங்கேயும் இல்லை.

நிலுஷா எங்கிருந்தோ ஓடி வந்தாள். இப்போது இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டாள். என் முன்னால் நின்று இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

"ஆயம்மா, தூக்கு."

மாலா அவர்கள் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று பார்த்தாள்.

"இன்னைக்கி முடியாதுடி தங்கம்" என்றேன். "ஆயம்மாவுக்கு முதுகு ரொம்ப வலிக்குது."